புதுப்பிப்பு: அப்பாவின் தலையில் இருந்த சொரசொரப்பு

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் பல வருடம் வெயிலில் நின்ற அப்பாவின் வழுக்கைத் தலையில், உப்புத்தாள் போலச் சொரசொரத்த திட்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அது ஆக்டினிக் கெரட்டோசிஸ், அதாவது பல வருட வெயிலால் தோல் கெட்டு வரும் திட்டு. புற்றுநோய் அல்ல, ஆனால் கவனிக்காமல் விட்டால் சில திட்டுகள் தோல் புற்றுநோயாக மாறக்கூடும். கருத்த தோலுக்கு ஆபத்து குறைவுதான், அறவே இல்லை என்றில்லை.

மருத்துவர் திரவ நைட்ரஜனைச் சில நொடிகள் பீய்ச்சினார். அந்த இடம் வெள்ளையாக உறைந்து, பிறகு சிவந்து கொப்பளித்தது. இப்போது பொருக்கு உதிர்கிறது. "சுருக்கென்றது, அவ்வளவுதான்" என்கிறார் அப்பா.

சிங்கப்பூரில் நண்பகல் புற ஊதாக் கதிர்க் குறியீடு (வெயில் தோலை எவ்வளவு பாதிக்கும் என்று காட்டும் எண்) 11ஐத் தொடுவது சாதாரணம், அது மிகக் கடுமையான அளவு. வெளிவேலை பார்க்கும் அண்ணன்மாரே, அகலத் தொப்பி போடுங்கள், ஆறாத திட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பாவின் நெற்றியோரத் திட்டுகளுக்கு கெட்ட செல்களை அழிக்கும் ஃபுளூரோயூராசில் களிம்பு தொடர்கிறது.