புறா முன்னாடியே வந்துடுச்சு, ரிசல்ட்ல ரெண்டாவதுன்றாங்க, எப்படி?

சாம்பல்சிறகு: ரேஸுக்குப் புதுசு, இது மூணாவது ரேஸ். காலைல 7:00க்கு எல்லாத்தையும் ஒண்ணா திறந்து விட்டாங்க, என் பொட்டை 9:28க்கு கூரைல வந்து உக்காந்துட்டா, கண்ணால பாத்தேன். மெஷின்ல 9:32னு விழுந்திருக்கு. அதைக்கூட விடுங்க, ஃப்ரெண்டு புறா 9:34க்கு தான் வந்துச்சு, அதுக்கு ஃபர்ஸ்ட்டாம்! மெஷின் கோளாறா, ஏமாத்துறாங்களா?

கூண்டுக்காரன்: யாரும் ஏமாத்தல தம்பி. கிளம்புற இடம் எல்லாத்துக்கும் ஒண்ணு, போய்ச் சேர்ற கூண்டு ஆளாளுக்கு வேற, அதனால யாரு முன்னாடி வந்தான்னு பாக்க மாட்டாங்க, நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் பறந்துச்சுன்னு தான் கணக்கு. ரெண்டு பேர் கூண்டுக்கும் தூரம் என்ன?

சாம்பல்சிறகு: எனக்கு 182.4 கிலோமீட்டர், அவனுக்கு 186.

கூண்டுக்காரன்: அப்போ உங்களுக்கு 152 நிமிஷம், வேகம் 1200. அவருக்கு 154 நிமிஷம், ஆனா 1207.8 வருது. 9:28க்கே பதிவாகியிருந்தா உங்களுக்கு 1232 வந்திருக்கும், அசால்ட்டா ஜெயிச்சிருப்பீங்க. கூரைல உக்காந்ததெல்லாம் கணக்குல வராது, கால்ல இருக்கிற சிப் மோதிரத்தை வாசல் பேட் படிச்சு பீப் அடிச்சா தான் வந்த மாதிரி. அந்த 4 நிமிஷம் என்ன பண்ணுச்சு?

சாம்பல்சிறகு: ரெண்டு நிமிஷம் சும்மா இறகைக் கோதிக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் பேட்டைத் தாண்டி ஒரே குதி, உள்ள போயிடுச்சு, பீப்பே வரல. வெளிய விரட்டி திரும்ப வர வச்சேன் 😭

கூண்டுக்காரன்: அதான் விஷயம். பேட்டுக்கு மேல தாழ்வா ஒரு பலகை அடிங்க, குதிக்க முடியாம நடந்து தான் போகணும். அடியில தகரம் இருந்தா எடுத்துடுங்க, சிக்னல் சொதப்பும். ரேஸுக்கு முன்னாடி ஒரு மோதிரத்தை கையால பேட் மேல காட்டி டெஸ்ட் பண்ணுங்க. முக்கியமா, தினமும் பறக்க விடும்போது வயித்தைக் கொஞ்சம் காலியா வச்சு, தீனி டப்பாவைக் குலுக்கினதும் நேரா உள்ள வர்ற மாதிரி பழக்குங்க, விரட்டவே கூடாது.

பழையகடிகாரம்: இப்ப பீப்போட முடியுது. எங்களுக்கு கால்ல ரப்பர் வளையம், புறாவைப் புடிச்சு அதைக் கழட்டி, சின்ன குப்பில போட்டு, சீல் வச்ச கடிகாரப் பெட்டிக்குள்ள தள்ளி அமுக்கணும், அப்ப தான் பேப்பர்ல நேரம் விழும், கை நடுங்குற நடுக்கத்துல வளையம் கீழ விழுந்து உருண்ட கதையெல்லாம் இருக்கு. ரேஸ் முடிஞ்சதும் அந்தக் கடிகாரம் எத்தனை செகண்ட் வேகமா ஓடிச்சுன்னு பாத்து அதையும் சரிபண்ணுவாங்க.

வேடிக்கைபாக்கறவன்: ரேஸையே பாக்க முடியாது, இதுல என்னங்க ஜாலி?

பழையகடிகாரம்: கழுத்து வலிக்க வெறும் வானத்தையே பாத்துட்டு நில்லுங்க, வந்து போறதெல்லாம் காக்காவா இருக்கும், திடீர்னு ஒரு புள்ளி மட்டும் றெக்கையை மடக்கி நேரா உங்க கூரைக்கு இறங்கும். குஞ்சுல கையில வச்சுப் பாத்தது, முன்னபின்ன தெரியாத ஊர்ல விட்டும் நம்ம வீட்டைத் தேடி வந்திருக்கு. அப்புறம் கேளுங்க.

சாம்பல்சிறகு: பலகை அடிச்சாச்சு. அஞ்சு தடவை விட்டேன், அஞ்சு தடவையும் பீப். ஆனா கூரைல உக்காந்து இறகு கோதுறதை மட்டும் விட மாட்டேங்குறா 😅