புதிதாக வந்த மாணவி: கடும் காய்ச்சல், பாஸ்போர்ட் கையில் இல்லை. எங்கே போவது?

மதுரைக்காரி:
மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முந்தாநாள் இரவு முதல் கடும் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் காப்பீட்டு அட்டையைக் காட்டினால், "எங்களுக்கு இந்தக் காப்பீடு இல்லை, முழுப் பணத்தையும் கட்டுங்கள்" என்றார்கள். டாக்டர் கட்டணம், மருந்து எல்லாம் சேர்த்து ஒரே பில். ஊரில் சீட்டை வாங்கிக்கொண்டு மெடிக்கலுக்குப் போவோம். இங்கே கவுண்டரிலேயே மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைச் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்பார்களாம். அதுவோ விசா வேலைக்காகக் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் தேர்வு வேறு. அம்மாவிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.

செந்தூல் அக்கா:
தங்கச்சி, காகிதங்களை அப்புறம் பார்க்கலாம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளின் பெயரை முதலில் படித்துப் பார். ஐபுப்ரோபென், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் இருந்தால் தொடாதே. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். பாராசித்தமோல் மட்டும், அளவோடு. நீ சொல்வதைப் பார்த்தால் டிங்கியாக, அதாவது டெங்குவாக, இருக்கலாம். நான் வார்டில் பல காலம் வேலை பார்த்தவள், சும்மா சொல்லவில்லை. இன்றே எந்தக் கிளினிக்கிலாவது டிங்கியைக் கண்டுபிடிக்கும் என்.எஸ்.1 இரத்தச் சோதனையும் முழு இரத்த எண்ணிக்கையும் எடுக்கச் சொல். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் என்.எஸ்.1 நன்றாகக் காட்டும்.

இன்னொன்று மிக முக்கியம். காய்ச்சல் இறங்கியதும் குணமாகிவிட்டது என்று படுத்துவிடாதே. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்தே வரும். தாங்க முடியாத வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் 999ஐ அழை, அல்லது கிராப் வாடகைக் கார் எடுத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போ. அங்கே நோயின் கடுமையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பச்சை என்றால் நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும், கோபப்பட்டுத் திரும்பிவிடாதே.

பங்சார் சீனியர்:
பாஸ்போர்ட் விஷயத்துக்கு என் பதில். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் "பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கிறது" என்று ஒரு கடிதம் கேளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும் மாணவர் அட்டையும் கூடவே இருக்கட்டும். காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்துப் பக்கத்தில் எந்தப் பேனல் கிளினிக், அதாவது அந்தக் காப்பீட்டை ஏற்கும் கிளினிக், இருக்கிறது என்று கேளுங்கள். வெளிநோயாளிச் செலவுக்குப் பணம் தருவார்களா, வார்டில் சேர்ந்தால் மட்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வார்டு என்றால் செலவை ஏற்பதாகக் காப்பீட்டு நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வேண்டும். இல்லையென்றால் முன்பணம் கட்டச் சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) என்று பலர் சொல்வது குடிமக்களுக்கு. நமக்குத் தனிக் கட்டணம், அதைவிடப் பல மடங்கு. எல்லா ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மருந்து விலை கூடுதலாகத் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள்: 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். தேர்வுக்கு டாக்டரிடம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்க மறக்காதீர்கள்.

ஈப்போ மாமி:
பப்பாளி இலைச் சாறு குடிம்மா, பிளேட்லெட் ஏறும்.

செந்தூல் அக்கா:
மாமி, குடிப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். சாற்றை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. தண்ணீர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் நிறைய வேண்டும்.

மதுரைக்காரி:
டெங்குதான். பேனல் கிளினிக்கில் சோதித்தார்கள். தினமும் வந்து இரத்தம் கொடுக்கச் சொல்லி ஒரு கண்காணிப்புத் தாளும் தந்தார்கள். கல்லூரிக் கடிதமும் கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. சுகாதார அலுவலகத்துக்கு என் முகவரியைத் தெரிவிப்பதாக டாக்டர் சொன்னார். இதனால் விசாவுக்குச் சிக்கல் வருமா? வீட்டுக்காரர் கோபிப்பாரோ என்றும் இருக்கிறது.

செந்தூல் அக்கா:
விசாவுக்காக அல்ல. டிங்கியைத் தெரிவிப்பது 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டரின் கடமை. கொசு மருந்து அடிக்க வருவார்கள், குளியலறை வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லிவிடு. அறைத் தோழிகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்களும் உடனே சோதித்துக்கொள்ளட்டும். அம்மாவையும் கூப்பிட்டுப் பேசு.