செல்டிக்ஸா, லேக்கர்ஸா? கோப்பைக் கணக்கு மட்டும் போதுமா?

கேள்வி:
என் அண்ணன் மகன் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் பக்தன். 2024இல் 18ஆவது கோப்பை வந்ததிலிருந்து வீட்டில் அவன் வாயை அடக்க முடியவில்லை. நான் நட்சத்திர வீரர் மேஜிக் ஜான்சன் காலத்து லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் ஆள், எங்களுக்கு 17. ஒரே ஒரு கோப்பையை வைத்து என்பிஏ எனும் வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் தலைசிறந்த அணி என்று சொல்லிவிடலாமா?

பதில் 1:
உங்கள் 17இல் 5 மினியாபொலிஸில் வாங்கியவை. லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்த பிறகு 12தான். தவிர, இறுதிச்சுற்றில் இரு அணிகளும் 12 முறை மோதி, 9 முறை பாஸ்டன்தான் ஜெயித்திருக்கிறது.

பதில் 2:
கழிப்பதென்றால் இரண்டு பக்கமும் கழியுங்கள் ஐயா. செல்டிக்ஸ் வீரர் பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 கோப்பை வாங்கினார், மறுக்கவில்லை. ஆனால் அவர் வந்த புதிதில் மொத்தமே 8 அணிகள். இன்று 30.

பதில் 3:
என் ஓட்டு சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு. கோப்பை 5தான், ஐந்தும் பாப்போவிச் பயிற்சியில். ஆனால் 1998 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட பிளேஆஃபைத் (லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்று) தவறவிடவில்லை. 22 வருடம்! அணியின் நட்சத்திர வீரர் டங்கன் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

கேட்டவர்:
சரி, ஸ்பர்ஸ் நல்ல யோசனை. அப்புறம், அந்த மினியாபொலிஸ் விஷயம் மட்டும் பையன் காதுக்குப் போக வேண்டாம்.