நோர்வேயில் மலைக்கும் ஃபியோர்டுக்கும் (மலைகளுக்கு நடுவே உள்ளே புகும் கடல்) நடுவில் இருந்தவர்களே, இன்னும் மனதை விடாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஹெல்லெசில்ட் அக்கா:
நானே தொடங்குகிறேன். ஓகெர்னெசெட் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மலைச்சரிவு ஃபியோர்டுக்குள் விழுந்தால் எங்கள் ஊருக்கு அலை வந்து சேரப் பத்து நிமிடம்கூட ஆகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று காட்டிவிட்டார்கள்.

வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. சில வருடங்களுக்கு முன், ஜனவரி, ஒரு புதன்கிழமை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு மதியச் சாப்பாடு எடுத்துவைக்கிறேன். பழுப்புச் சீஸைச் சீவி ரொட்டியில் வைக்கும்போது சைரன் ஊதியது.

சீவுகத்தியும் கையுமாக ஓடினேன். சப்பாத்து போடவில்லை, கம்பளிக் காலுறையோடு பனிக்குள். தெருமுனைத் தபால்பெட்டிகள் வரைக்கும் போய்விட்டேன். அங்கே சைரன் நின்றது. அந்த அமைதியில்தான் பாட்டியின் ஞாபகமே வந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் அவர் முகம். ஒரு விரலால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரியாக 12 மணி. ஜனவரியிலும் ஜூனிலும் நாடு முழுக்க ஊதிப் பார்க்கிற சோதனைச் சைரன்.

நான் உள்ளே போக, இரண்டாம் முறை ஊதத் தொடங்கியது. ஈரக் காலுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் போடச் சொன்னார். அப்புறம், "தாஃபியோர்டில் அன்றைக்கு ஒருவரும் ஊதவில்லை" என்றார். 1934 ஏப்ரல் 7, மலை உடைந்து தண்ணீரில் விழுந்து 40 பேர் போன அந்த விடியற்காலை. அவருக்கு அப்போது நாலு வயது.

நான் தனியாக ஓடினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம்.

ரௌமாக் கரையான்:
அக்கா, கோபிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதினதைப் படித்தால் மலை நாளைக்கே விழப்போகிற மாதிரி இருக்கிறது. ஓகெர்னெசெட்டை இரவு பகலாகக் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேகம் கூடினால் முன்கூட்டியே ஊரைக் காலி செய்ய வைப்பார்கள். 1934ஐயும் இன்றைக்கு இருப்பதையும் ஒன்றாகப் போடக்கூடாது.

நான் ரொம்ஸ்தாலில் வெஸ்லெமன்னன் என்ற மலைப்பகுதிக்குக் கீழே இருந்தவன். 2014இல் தொடங்கி 16 தடவை வீட்டை விட்டு எழுப்பினார்கள். முதல் தடவை பாஸ்போர்ட், நகை, பிள்ளையின் ஆல்பம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது, மலை விழவில்லை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு ரைஸ் குக்கரும் சார்ஜரும்தான்.

எனக்கு மறக்காதது பக்கத்து வீட்டு விவசாயி. அறிவிப்பு வந்தபோது உருளைக்கிழங்கு பாதி வெந்திருக்கிறது. மனுஷன் அடுப்பை அணைத்து, சட்டியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறினார். கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன். 20 நிமிடம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. தங்குமிடத்தில் இறங்கியதும் அவர் முதலில் கேட்டது "உப்பு இருக்கா?"

2019 செப்டம்பர் 5, கடைசியில் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன், அக்கா.

லோஃபோடன் தம்பி:
மலை, மலை என்றே போகிறது. எங்கள் பக்கம் மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது, அதை யார் பார்த்தார்கள்! பிப்ரவரியில் எல்லோர் கண்ணும் மீனில்தான்.

காட் மீன் சீசனில் ஒரு தொழிற்சாலையில் வெட்டின தலைகளைத் தொட்டியில் அள்ளிக் கொட்டுவது என் வேலை. அங்கே பள்ளிவிட்டு வருகிற பிள்ளைகள் தலையிலிருந்து நாக்கை அறுத்து விற்பார்கள். காசு அவர்களுக்கே. எனக்கு ஒதுக்கினது ஒரு சிறுமி, ஒன்பது வயது இருக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறை. முன்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்பு ஊசி. தலையை அதில் குத்தி நிறுத்துவாள், ஒரே இழுப்பு, நாக்கு வாளிக்குள், தலை பின்னால். அடுத்தது. நான் தலை கொண்டுவரத் தாமதமானால் கத்தியின் பிடியால் ஊசியை டங், டங் என்று தட்டுவாள்.

அவள் அப்பா பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு நிற்கிறார், முகமெல்லாம் பெருமை. என் அப்பாவும் பருத்தித்துறையில் மீன்பிடித்தவர்தான். வலையில் கை வைத்ததற்கு என்னை அடித்திருக்கிறார். "படிச்சு இந்த நாத்தத்தை விட்டுப் போ" என்பார். போனேன். வட அட்சரேகை 68ஆவது பாகையில் ஒரு குழந்தை "டங், டங்" என்று அவசரப்படுத்த, அதே நாற்றத்தை அள்ளிக்கொண்டிருந்தேன்.

(அந்தத் தலைகள் கொடியில் காய்ந்து நைஜீரியாவுக்குச் சூப்புக்குப் போகின்றன. அதற்கும் நல்ல விலை.)

பெர்கன் வாசி:
நானும் சொல்கிறேன். சோக்ன ஃபியோர்டு பக்கம் ஒரு படகுத்துறையில், கார் வரிசைக்கு முன்னாலேயே வழுக்கி மல்லாக்க விழுந்தேன். ஒரு டிரைவர் இறங்கி வந்து, தூக்கிவிடுவார் என்று பார்த்தால், "படகு வந்துடுச்சு, கொஞ்சம் நகருங்க" என்றார்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் ஷூவுக்கு அடியில் மாட்டுகிற ஆணிப்பட்டை வாங்குங்கள், சென்னையில் வாங்கின ட்ரெக்கிங் ஷூவை நம்பாதீர்கள். காருக்கு ஆணி டயர் தெற்கில் நவம்பர் 1 முதல் ஈஸ்டர் திங்களுக்கு அடுத்த ஞாயிறு வரை, வடக்கில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை போடலாம். குளிர்காலத்தில் டயர் பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும். கோட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை தொங்கவிடுங்கள், மாலை நாலு மணி இருட்டில் டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே தயிர் வாங்கி வையுங்கள். மீன் எண்ணெய் குடியுங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, அதாவது பெயரில் ஆர் எழுத்து வருகிற மாதங்கள், என்பது அவர்கள் கணக்கு. நாற்றம் பழகிவிடும். ஃபியோர்டு ஊரில் வீடு பார்க்கும்போது ஜூலையில் பார்த்து மயங்காதீர்கள், நவம்பரில் போய்ப் பாருங்கள். மலை மறைத்து மாதக்கணக்கில் வெயில் எட்டாத வீடுகள் உண்டு.

அக்கா, நீங்களும் ஷூவை வாசலிலேயே முடிச்சு அவிழ்த்து வைத்திருந்தால் அன்று காலுறையோடு ஓடியிருக்க வேண்டாம்.

ஹெல்லெசில்ட் அக்கா:
பெர்கன் தம்பி, சப்பாத்தா பிரச்சினை? சம்பவம் கேட்டால் டயர்ப் பள்ளத்தை அளக்கிறீர்கள்.

ரௌமாத் தம்பிக்கு: கருவி இருப்பது எனக்கும் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. சோதனைச் சைரன் வரும் என்று காலையில் மேலாளர் சொல்லித்தான் இருந்தார், ஊர் வழக்கில், வேகமாக. நான் வகுப்பில் படித்தது ஒஸ்லோ மொழி. பாதி புரியாமல் "யா, யா" என்று தலையாட்டிவிட்டேன். இங்கே எத்தனை பேர் அப்படி ஆட்டியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் சைரனுக்கு அந்த வீட்டில் இருக்கும்படி வேலைநேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கினேன். ஊதியது. இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

லோஃபோடன் தம்பி:
சீஸ் சீவுகத்தி என்ன ஆனது, அக்கா?

ஹெல்லெசில்ட் அக்கா:
ஓடும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. பனி உருகின பிறகு தபால்பெட்டிக்குக் கீழே கிடந்தது. அதற்குள் பாட்டியின் மகள் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார், அதனால் நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. என் காரில்தான் இருக்கிறது, இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில்.