சார்-எல் தன்னார்வப் பணி: இஸ்ரேல் ராணுவ முகாமில் என்ன வேலை இருக்கும்?

கேள்வி: இஸ்ரேல் ராணுவ முகாம்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் சார்-எல் அமைப்பு வழியாக இரண்டு வாரம் போக விண்ணப்பிக்கிறேன். முகாமில் என்ன வேலை தருவார்கள்? எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில் 1: ஆயுதம் கிடையாது, பெரும்பாலும் கிடங்கு வேலைதான். மருத்துவப் பைகளைப் பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, பட்டியல்படி திரும்ப அடுக்குவது முக்கியமான ஒன்று. தேதி நெருங்கிய ஒரு பொருள் உள்ளே கலந்துவிட்டால், அதற்காகவே முழுப் பையையும் மறுபடி பிரிக்க நேரும். சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள், பொறுப்பாளரைக் கேளுங்கள்.

பதில் 2: ஞாயிறு முதல் வியாழன் வரைதான் முகாம். வார இறுதித் தங்குமிடத்தை முன்பே உறுதிசெய்யுங்கள். யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதால், வெள்ளி பிற்பகலோடு பெரும்பாலான பேருந்துகள் நின்றுவிடும்.

பதில் 3: விமானச் செலவு உங்களுடையது. பயணக் காப்பீட்டில் போர்ச் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் படித்துப் பாருங்கள். பலர் கவனிக்காத இடம் அது. தினசரி மாத்திரைகளைச் சில நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.