கேம் பாய் கையில் வைத்து விளையாடிய நம்ம கடற்கரைக்காரர்கள் யார் யார்?

கீழக்கரையிலிருந்து:

எங்கள் தெருவுக்குக் கேம் பாய் வந்தது துபாய் வழியாகத்தான். சபரிலிருந்து (வெளிநாட்டுப் பயணத்திலிருந்து) வாப்பா வந்து பெட்டியைத் திறந்தால் டாங் டப்பா, கோடாரித் தைலம், சென்ட் பாட்டில். அடியில் கைலிக்குள் சுற்றி வைத்த சாம்பல் நிற கேம் பாய், ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி செய்தது. அதுவரை எங்களுக்கு வீடியோ கேம் என்றால் சீனாவில் செய்த பிரிக் கேம்தான். அட்டையில் 9999 கேம் என்று போட்டிருப்பான், உருப்படியாகப் பத்துகூடத் தேறாது. இதில் கேசட்டை மாற்றினால் நிஜமாகவே வேறு விளையாட்டு வந்தது. அதுவே பெரிய அதிசயம்.

பக்கத்து வீட்டுக் காக்கா (அண்ணன்) சேகா கம்பெனியின் கேம் கியர் வைத்திருந்தார். கலர் ஸ்கிரீன், உள்ளேயே லைட். எங்களுடையது பச்சைத் திரை, அதில் நாலே நாலு சாயம். பொறாமை எல்லாம் இரண்டு நாள்தான். அது 6 பென்சில் பேட்டரி போட்டும் நாலைந்து மணி நேரத்தில் படுத்துவிடும். எங்களுடையது 4 பேட்டரியில் பத்துப் பதினைந்து மணி நேரம் தாராளமாக ஓடும். கடைசியில் காக்காவே எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்.

இதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள் என்பது பின்னால் படித்துத்தான் தெரிந்தது. நிண்டெண்டோவில் குன்பெய் யோகோய் என்பவரின் குழு செய்த கருவி இது. நன்றாகப் பழகி, விலை மலிந்துபோன பாகங்களை எடுத்துப் புது வேலைக்குப் பயன்படுத்து என்பதுதான் அவருடைய கொள்கை. 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. பிளஸ் வடிவப் பட்டன் இருக்கிறதே, அதுவும் அவர் யோசனைதான். 1980களின் கேம் அண்ட் வாட்ச் பொம்மைகளிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டார்.

மண்டபத்திலிருந்து:

கீழக்கரைக்காரர் சொன்ன பேட்டரிக் கணக்கு உங்களுக்கு. எங்களுக்கு அந்தப் 'பத்துப் பதினைந்து மணி நேரமே' செலவுதான். அப்பா படகுக்குக் கொண்டுபோகும் டிரான்சிஸ்டரில் ஓய்ந்துபோன பேட்டரியைக் கழற்றி, ஓட்டுக்கூரை மேல் வெயிலில் காய வைப்போம். ஒரு அரை மணி நேரம் கூடுதலாக உயிர் வரும். பல்லால் கடித்து நசுக்கிப் பார்த்தவர்களும் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் ஒன்று. உள்ளே லைட் இல்லாததைக் குறை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம்ம ஊர் வெயிலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் அந்தத் திரையை! வெளிச்சம் கூடக் கூடத் தெளிவாகத் தெரியும். வலை காய்கிற மணலில் உச்சி வெயிலில், கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் ஆடியிருக்கிறேன். இன்றைய போனை அங்கே கொண்டுபோனால் உங்கள் முகம்தான் தெரியும். கரண்ட் போன ராத்திரியில் மட்டும் அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து:

நான் ரேடியோ, டேப் ரிப்பேர் பார்த்தவன். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து இந்தப் பெட்டிகள் வரும். வருவதில் பாதி உப்புக்காற்றுக் கேஸ். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

திறப்பதுதான் முதல் தொல்லை. பின்பக்கத் திருகின் தலையில் மூன்று கை இருக்கும், நம்ம ஸ்க்ரூ டிரைவர் எதுவும் உட்காராது. பழைய பேனாக் குழாயின் நுனியைத் தீயில் இளக்கி, திருகின் மேல் அழுத்தி ஆறவிட்டால் அதே அச்சு விழும். அதையே டிரைவராகத் திருகுவேன்.

அடுத்தது, திரையில் நெட்டுக்குத்தாகக் கோடு கோடாக மறைந்துபோவது. பலர் ஸ்கிரீன் போச்சு என்று தூக்கிப் போட்டார்கள். ஸ்கிரீன் போகவில்லை. கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ரிப்பன் ஒட்டியிருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டிருக்கும், அவ்வளவுதான். சால்டரிங் அயர்னைச் சூடு குறைத்து, ரிப்பன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக இழுக்க வேண்டும். பவர் போட்டுக்கொண்டே செய்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது கண் முன்னாலேயே தெரியும். பையன்கள் மேஜையைச் சுற்றி நின்று எண்ணுவார்கள்.

தேவிபட்டினத்திலிருந்து:

1990இல் குவைத்தில் இருந்த என் மாமா ஒரே பையோடு ஊர் திரும்பினார், மற்றதெல்லாம் அங்கேயே போச்சு. அந்தப் பையில் கேம் பாயும் இருந்தது! அத்தை திட்டிய திட்டு கொஞ்சமல்ல. அந்த வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் சிக்கிக் கருகி உருகிய ஒரு கேம் பாயும் உண்டு. அது வேலை செய்தது, நியூயார்க் நிண்டெண்டோ கடையில் ரொம்பக் காலம் டெட்ரிஸ் ஓடிக்கொண்டே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மாமாவிடம் சொன்னேன். "என்னுதும்தான் ஓடுது, நம்மளை யாரு கண்ணாடிக்குள்ள வைக்கிறா" என்றார்.

ராமேஸ்வரத்திலிருந்து:

நான் உங்களுக்கெல்லாம் பின்னால் வந்தவன், கேம் பாய் கலர் ஆள். 1998இல் வந்த மாடல். பழைய கேசட்டும் அதில் ஓடும். பழையதும் கலரும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்றதாகக் கணக்கு. அதில் போக்கிமான் என்ற பிராணி பிடிக்கும் விளையாட்டுக்குப் பெரிய பங்கு. 1996இல் அது ஜப்பானில் வந்தபோது கருவிக்கு வயது ஏழு, ஓய்வு பெறும் நேரம். இரண்டு பேர் கேபிள் மாட்டிப் பிராணிகளை மாற்றிக்கொண்டால்தான் எல்லாம் சேரும் என்று வைத்தார்கள், மறுபடி பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் கேபிள் யாரிடமும் இல்லை. அதனால் என் தொகுப்பு இன்றுவரை அரைகுறை.

அந்தக் கேசட்டை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: நீங்கள் சேவ் செய்ததைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டில் கடிகாரமும் ஓடுவதால் அது சீக்கிரம் தீரும். மாற்றக் கொடுக்கும் முன் சேவ் செய்ததைக் கணினிக்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், பழையதை எடுத்ததும் எல்லாம் அழிந்துவிடும். ராமநாதபுரத்து அண்ணே, இந்த வேலையும் பார்ப்பீர்களா?