பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கட்டுரைக்குத் தகவல் திரட்டச் சொல்லித் தருவது எப்படி?

தமிழ்_டீச்சர்:
வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பதினோராம் வகுப்புக்கு ‘தமிழ்நாட்டில் மதிய உணவுத் திட்டம்’ என்று தலைப்புக் கொடுத்து, ஒரு மாதத்தில் ஆளுக்கு ஆறு பக்கம் எழுதி வரச் சொன்னேன். முதல் வாரம் கொண்டுவந்ததைப் பார்த்தால் பாதிப் பேர் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கியிருக்கிறார்கள், மீதிப் பேர் முன்னுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு நடுவில் ‘பசிப்பிணி போக்கிய பெருந்தகை’ என்று ஒரே புகழ்மாலை. திட்டிப் பயனில்லை, தகவல் எப்படித் திரட்டுவது என்று யாருமே அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

கரிசல்காட்டான்:
டீச்சர், நீங்கள் கொடுத்திருப்பது வெறும் தலைப்பு, அதில் கேள்வியே இல்லை. அதனால்தான் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

‘இந்தத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது யார்?’ என்று மட்டும் தேடி வரச் சொல்லுங்கள். ஒருவன் 1920, தியாகராயர் என்பான், இன்னொருத்தி 1956, காமராசர் என்பாள், மூன்றாவது ஆள் 1982, எம்.ஜி.ஆர். என்று சண்டைக்கு வருவான். மூன்றுமே சரிதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. 1920இல் நடந்தது தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சியின் முடிவு, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கு, பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல். காமராசர் காலத்தில் மாநில அளவுக்குப் போனது, ஊர்க்காரர்களும் பங்கு போட்டார்கள். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டமாகக் கிராமங்களில் தொடங்கியபோது 2 வயதுப் பிள்ளை வரைக்கும் சோறு போனது, அதே செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது.

இதைப் பலகையில் எழுதிப் போட்டாலே ‘யாருக்குப் போட்டார்கள், செலவு யாருடையது, எந்த வயது வரைக்கும்’ என்று கேள்விகள் தானாக விழும். ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும். ஒரே ஆள் 1920இலிருந்து 2022 காலை உணவுத் திட்டம் வரைக்கும் எல்லாவற்றையும் எழுத விடவே விடாதீர்கள்.

நூலகப்_புழு:
மேலே சொன்னது சரி. அடுத்தது குறிப்பு எடுப்பது. நோட்டில் வரிசையாக எழுதினால் பிறகு இடம் மாற்ற முடியாது, அதனால் ஏ4 தாளை நாலாகக் கிழித்துச் சீட்டாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் ஒரே ஒரு செய்தி. மேல் மூலையில் எந்தக் கேள்விக்கான பதில் என்பது, நடுவில் செய்தி தன் சொந்த நடையில், கீழே எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம். வரிக்கு வரி எடுத்தால் மேற்கோள் குறி கட்டாயம். எழுத உட்காரும் நாளில் எல்லாச் சீட்டையும் தரையில் பரப்பி, எது முன்னால் எது பின்னால் என்று நகர்த்திப் பார்த்தால் பத்திகள் அங்கேயே பிரிந்துவிடும்.

புத்தகத்துக்கு மாவட்ட மைய நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாக இருக்கின்றன. சமூகநலத் துறை சட்டசபையில் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்தில் கிடைக்கும், இப்போதைய எண்ணிக்கைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

தமிழ்_டீச்சர்:
நன்றி. ஆனால் பல வீடுகளில் அப்பாவின் போன் ஒன்றுதான், அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும்.

சும்மா_ஒருத்தன்:
போனை விடுங்க டீச்சர், பாதித் தகவல் உங்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு சத்துணவு அமைப்பாளரிடம் அனுப்புங்கள். இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அரிசி எத்தனை கிலோ இறங்கியது என்பதெல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். சமையல் அக்காவிடமும் பேசட்டும், ஆனால் கேள்வியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகணும், சும்மா போய் ‘சொல்லுங்கக்கா’ என்றால் அவர் என்ன சொல்வார்?

எழுபது தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் காமராசர் காலத்துச் சாப்பாட்டைக் கேட்கலாம். ஒன்று மட்டும், கேட்டதை அப்படியே எழுதக் கூடாது. ‘அப்பவே முட்டை போட்டாங்க’ என்று ஒரு தாத்தா அடித்துச் சொல்வார், ஆனால் திட்டத்தில் முட்டை சேர்ந்தது 1989இல். அந்தச் சீட்டில் ‘நினைவு, சரிபார்க்கணும்’ என்று எழுதி வைக்கட்டும்.

தமிழ்_டீச்சர்:
இது நடக்கும்போல இருக்கிறது. நாளைக்குக் கேள்வியை மட்டும் எழுதி வாங்குகிறேன், அடுத்த இரண்டு வாரம் சீட்டு, கடைசி வாரம்தான் எழுத்து. இன்னொரு சந்தேகம், சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிவந்தால் என்ன செய்ய?

நூலகப்_புழு:
கட்டுரையோடு சீட்டுக்கட்டையும் சேர்த்து வாங்குங்கள். ஏதாவது ஒரு வரியைக் காட்டி ‘இதுக்கு எந்தச் சீட்டு?’ என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் மார்க், இல்லையென்றால் அந்த வரிக்கு மார்க் இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடணும்.